சாகசப் புகைப்படப் போட்டிக்கு எந்த நடுவர் முறை பொருந்தும்?

ஊர்ப் புகைப்படக் கழகமோ, கல்லூரி மாணவர் மன்றமோ, மலையேற்றக் குழுவோ ஆர்வலர்களுக்கென்று ஒரு போட்டியை அறிவிக்கும்போது, தலைப்பும் பரிசுத் தொகையும் கடைசித் தேதியும் முதல் கூட்டத்திலேயே முடிவாகிவிடுகின்றன. படங்களை எந்த முறையில் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி மட்டும், “தெரிந்தவர்கள் மூன்று பேரைக் கூப்பிட்டுவிடலாம்” என்பதோடு நின்றுவிடுகிறது. பூக்கள், கோயில் கோபுரங்கள், மழைக்காலம் போன்ற தலைப்புகளுக்கு இது ஓரளவு போதும். சாகசம் என்ற தலைப்புக்குப் போதாது. இந்தத் தலைப்பில் வரும் ஒவ்வொரு படத்திலும் யாரோ ஒருவர் துணிந்து செய்த செயலும், அந்தச் செயலைக் கண்முன் நிறுத்தும் படமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பரிசு படத்துக்கு உரியது. ஆனால் நடுவரின் கை பெரும்பாலும் செயலுக்கே மதிப்பெண் போட்டுவிடுகிறது. ஆகவே, செயலையும் படத்தையும் பிரித்துப் பார்க்க நடுவருக்கு எந்த முறை உதவுகிறது என்பதையே முதன்மை அளவுகோலாகக் கொண்டு, வழக்கத்தில் உள்ள முறைகளை இங்கே ஒப்பிடுகிறேன்.

இந்தப் பிரிவினை எவ்வளவு கடினமானது என்பதற்கு எவரெஸ்ட் சிகரத்தின் இரண்டு படங்களே போதும். 1953 மே 29 அன்று உச்சியில் எட்மண்ட் ஹிலாரி எடுத்த படத்தில், டென்சிங் நோர்கே கொடிகள் கட்டிய பனிக்கோடரியை உயர்த்தி நிற்கிறார். முகம் ஆக்சிஜன் முகமூடிக்குள் மறைந்திருக்கிறது. 2019 மே மாதத்தில் மலையேறி நிர்மல் புர்ஜா எடுத்த படத்தில், உச்சிக்குச் செல்லும் குறுகிய முகட்டில் மலையேறிகள் ஒருவர் முதுகை ஒருவர் ஒட்டி வரிசையில் காத்து நிற்கிறார்கள். முதல் படத்தின் கனம் அதன் பின்னால் இருக்கும் வரலாற்றில் இருக்கிறது. பெயரும் தேதியும் இல்லாமல் பார்த்தால், பனியில் நிற்கும் ஒரு மனிதரின் எளிய படம் அது. இரண்டாவதற்கு விளக்கக் குறிப்பே தேவையில்லை. மலையேற்றம் பற்றி எதுவும் அறியாதவருக்கும் அந்த வரிசையைக் கண்டவுடன் ஒரு திடுக்கிடல் உண்டாகும். பெயர் மறைத்து இவ்விரண்டையும் ஒரு நடுவர் குழுவின் முன் வைத்தால் எது வெல்லும் என்பது, அந்தக் குழு எந்த முறையில் இயங்குகிறது என்பதைப் பொறுத்தது.

அமைப்பாளருக்கு மிக எளிதானது பொதுமக்கள் வாக்கு. படங்களைச் சமூக ஊடகப் பக்கத்தில் ஏற்றிவிட்டு, அதிக விருப்பக்குறி பெற்ற படத்துக்குப் பரிசு என்று அறிவித்துவிடலாம். நடுவரைத் தேட வேண்டியதில்லை, போட்டிக்கு விளம்பரமும் கிடைக்கும். ஆனால் கடைசி நாளன்று குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் “நம்ம தம்பி படத்துக்கு ஒரு லைக் போடுங்க” என்ற செய்தி பறக்கத் தொடங்கியவுடன், போட்டி படங்களுக்கிடையே இருந்து உறவினர் எண்ணிக்கைகளுக்கிடையே என்று மாறிவிடுகிறது. இதைவிட நுட்பமான குறை ஒன்றும் உண்டு. கைப்பேசித் திரையில் விரல் நகர்த்தும் வேகத்தில் பார்க்கப்படும் படம் ஒரு நொடியில் புரிந்தாக வேண்டும். பாறை விளிம்பில் முதுகைக் காட்டிக் கைகளை விரித்து நிற்கும் இளைஞர், கீழே வெண்மேகம், மேலே ஆரஞ்சு வானம் என்ற அமைப்பு அந்த ஒரு நொடிக்கென்றே செய்தது போன்றது. கொழுக்குமலையிலிருந்து வரும் இத்தகைய படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஆளின் சட்டை நிறம் மட்டுமே வேறுபடும்.

பொதுமக்கள் வாக்கை முற்றிலும் ஒதுக்கவும் வேண்டியதில்லை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில், நடுவர்கள் தேர்ந்தெடுத்த சிறு பட்டியலிலிருந்து மட்டும் மக்கள் ஒரு படத்துக்கு வாக்களிக்கிறார்கள். அது முதன்மை விருதுக்குத் தொடர்பில்லாத தனி விருது. 2020 பிப்ரவரியில் அவ்வாறு வென்றது, லண்டன் சுரங்க ரயில் நடைமேடையில் உணவுத் துணுக்குக்காகச் சண்டையிடும் இரண்டு சுண்டெலிகளைச் சாம் ரௌலி எடுத்த படம். தரத்தின் வாசலை நடுவர்கள் காத்துக்கொண்டு, அதற்குள் மக்களின் ரசனைக்கு இடம் விடும் இந்த ஏற்பாட்டைச் சிறிய போட்டிகளும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். முதல் பரிசை மட்டும் அதன் கையில் ஒப்படைக்கக் கூடாது.

அடுத்தது, நம் கழகங்களில் மிகப் பரவலாக உள்ள மதிப்பெண் கூட்டல் முறை. 1950-இல் தொடங்கப்பட்ட பன்னாட்டுப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பான எஃப்ஐஏபி-யின் ஆதரவோடு நடக்கும் சலோன்கள் எனப்படும் போட்டிக் கண்காட்சிகளில் பழகிய முறை இது: படம் திரையில் சில நொடிகள் தோன்றும், மூன்று நடுவர்கள் தனித்தனியே மதிப்பெண் இடுவார்கள், கூட்டுத்தொகை தீர்ப்பாகும். ஆயிரக்கணக்கான படங்களை ஓரிரு நாளில் முடிக்க இதற்கு இணையான வழி இல்லை. யாரும் யாரோடும் வாதிட வேண்டியதில்லை. தோற்றவர் கேட்டால் எண்ணைக் காட்டிவிடலாம். எண்ணைக் காட்ட முடிவதாலேயே அது நியாயமானது என்ற எண்ணமும் வந்துவிடுகிறது. அங்கேதான் சிக்கல்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். அ, ஆ, இ என்ற மூன்று படங்களுக்கு நூற்றுக்கு மதிப்பெண் தர வேண்டும். முதல் நடுவர் 72, 70, 68 தருகிறார். இரண்டாம் நடுவர் 74, 71, 69 தருகிறார். இருவருக்கும் ‘அ’ முதலிடம், ‘இ’ கடைசி. இருவரும் கையை இறுக்கிப் பிடித்து, ஐந்து மதிப்பெண்ணுக்குள் எல்லாவற்றையும் அடக்கிவிடும் வழக்கமுடையவர்கள். மூன்றாம் நடுவர் தாராளமாக அளவுகோல் முழுவதையும் பயன்படுத்துபவர். அவர் 50, 65, 90 என்று தருகிறார். கூட்டினால் ‘அ’ 196, ‘ஆ’ 206, ‘இ’ 227. மூவரில் இருவர் கடைசி இடம் தந்த படம் முதல் பரிசு பெறுகிறது. யாரும் தவறு செய்யவில்லை. மதிப்பெண்ணை அகலமாக விரித்துப் போட்டவர் தனக்கே தெரியாமல் மற்ற இருவரின் வாக்கையும் செல்லாததாக்கிவிட்டார். சாகசத் தலைப்பில் இது அடிக்கடி நிகழக் காரணம் உண்டு. தானும் மலையேறுபவராக இருக்கும் நடுவர், அந்தச் செயலின் அருமை தெரிந்து 90 போட்டுவிடுகிறார். மலையேறாத நடுவர் படத்தை மட்டும் பார்த்து 68 போடுகிறார்.

இதே தீர்ப்புகளை வரிசை எண்களாக எடுத்துக்கொண்டால் முடிவு தலைகீழாகும். முதல் இரு நடுவர்களின் வரிசை 1, 2, 3. மூன்றாமவரின் வரிசை 3, 2, 1. இடங்களைக் கூட்டினால் ‘அ’ 5, ‘ஆ’ 6, ‘இ’ 7. குறைந்த எண் பெற்ற ‘அ’ வெல்கிறது. இந்த வரிசை முறை பிரான்சில் 18-ஆம் நூற்றாண்டிலேயே போர்டா, கோந்தோர்சே போன்ற கணித அறிஞர்கள் தேர்தலுக்காக ஆராய்ந்த ஒன்று. ஒருவரின் தாராளம் மற்றவரின் சிக்கனத்தை விழுங்குவதை இது தடுக்கிறது. ஆனால் முந்நூறு படங்களை ஒன்று முதல் முந்நூறு வரை வரிசைப்படுத்த எவராலும் இயலாது. இருபதுக்கு மேல் போனால் வரிசை வெறும் ஊகமாகிவிடும். மேலும், ஒரு படத்தை ஒருவர் எவ்வளவு ஆழமாக விரும்பினார் என்பது வரிசை எண்ணில் பதிவாவதில்லை. மேற்சொன்ன மூன்றாம் நடுவர், மற்ற இருவரும் கவனிக்கத் தவறிய ஏதோ ஒன்றை உண்மையாகவே ‘இ’-யில் கண்டிருக்கலாம். எண் முறைகள் இரண்டிலும் அதைச் சொல்ல அவருக்கு வாய்ப்பில்லை.

வாய்ப்பைத் தருவது, சுற்றுச் சுற்றாகக் கழித்துப் பேசி முடிவெடுக்கும் முறை. வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ போன்ற பெரிய போட்டிகளின் இறுதிச் சுற்றுகள் இப்படித்தான் நடக்கின்றன. முதலில் ‘உள்ளே’, ‘வெளியே’ என்ற இரண்டே தீர்ப்புகள். எஞ்சுபவற்றை மீண்டும் பார்த்தல். இறுதியில் சில படங்களை மட்டும் மேசை மேல் வைத்து வாதிடுதல். இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். வெள்ளியங்கிரி ஏறுபாதையில் நள்ளிரவில் எடுத்த படம் ஒன்று வருகிறது என்று கொள்வோம். கைவிளக்கு வெளிச்சத்தில் மூங்கில் தடியை இறுகப் பற்றிய ஒரு முதியவரின் கையும், அடுத்த கல்லைத் தேடித் துழாவும் வெறுங்காலும் மட்டும் தெரிகின்றன, மீதியெல்லாம் இருட்டு. கைப்பேசியில் எடுத்ததால் இருண்ட பகுதிகளில் புள்ளிகள் பொரிந்து கிடக்கின்றன, கால்விரல் சற்றே அசைந்து மங்கியிருக்கிறது. சில நொடிப் பார்வையில் மதிப்பெண் இடும் நடுவர், தொழில்நுட்பக் குறையை முதலில் கண்டு 55 போட்டு நகர்ந்துவிடுவார். மேசையில் அதே படம் கிடக்கும்போது, “அந்த விரலைப் பாருங்கள், பிடிப்பு கிடைக்கும் முன்பான நொடி அது” என்று ஒருவர் சொன்னால் மற்றவர்களின் பார்வை மாறக்கூடும், மாறாமலும் போகலாம். எப்படியாயினும் படம் பேசப்பட்டது, செயலின் பெருமை பேசப்படவில்லை.

இம்முறைக்கும் இரண்டு பெரிய குறைகள் உண்டு. ஒன்று, நேரம்: முந்நூறு படங்களுக்கு ஒரு முழு நாளாவது வேண்டும், நடுவர்கள் ஒரே அறையில் இருக்க வேண்டும். மற்றொன்று, நம் ஊருக்கே உரிய மரியாதை. மூத்தவர் ஒருவர் “இதுதாம்பா படம்” என்று சொல்லிவிட்டால், எதிரில் இருக்கும் இருபத்தைந்து வயது நடுவர் வாய் திறப்பது அரிது. இதற்கு எளிய மாற்று உண்டு. பேச்சுக்கு முன்பே ஒவ்வொருவரும் தம் தேர்வைத் தாளில் எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும். பேச்சு இளையவரிடமிருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொருவருக்கும், பிறர் கழித்த படங்களில் ஒன்றை மட்டும் திரும்ப உள்ளே கொண்டுவரும் உரிமை தர வேண்டும். இந்த மீட்பு உரிமை மிக மதிப்புள்ளது, ஏனெனில் பெரும்பான்மைக்குப் பிடிக்காத ஆனால் ஒருவரைப் பிடித்து உலுக்கிய படம் கழிவுக் குவியலில் புதைந்துவிடாமல் அது காக்கிறது.

எந்த முறையைத் தேர்ந்தாலும், தலைப்புப் பொருத்தத்துக்குத் தனி மதிப்பெண் ஒதுக்கும் பழக்கத்தைக் கைவிடுமாறு பரிந்துரைக்கிறேன். தலைப்புக்கு 30, கலைத்திறனுக்கு 70 என்று வைத்துக்கொள்வோம். கடற்கரைச் சூரிய உதயத்தின் அழகிய படம் ஒன்று தலைப்புக்கு 5, கலைக்கு 65 என 70 பெறும். கோவளத்தில் அலைச்சறுக்குப் பலகையிலிருந்து தலைகுப்புற விழும் சிறுமியின் படம் 28-உம் 40-உம் சேர்த்து 68 பெறும். சாகசப் போட்டியில் சூரிய உதயம் வென்றுவிடும். தலைப்பு ஒரு வாசலாக இருக்க வேண்டும்: பொருந்துகிறதா, இல்லையா என்று முதல் சுற்றிலேயே முடிவெடுத்துவிட்டு, உள்ளே வந்த படங்களைப் படங்களாக மட்டும் பார்க்க வேண்டும்.

அந்த வாசலின் அகலம் என்ன என்பதில்தான் நடுவர்கள் மோதிக்கொள்வார்கள். மோதல் படங்களைப் பார்ப்பதற்கு முன் நிகழ்வது நல்லது. வாடிவாசலைத் தாண்டிய காளையின் திமிலைப் பற்றித் தொங்கும் மாடுபிடி வீரர் சாகசத்துக்குள் வருவார் என்பதில் ஐயம் எழாது. பனையேறி? நீலகிரியில் கயிற்று ஏணியில் தொங்கியபடி பாறைத் தேனடையைப் புகையூட்டி எடுக்கும் குறும்பர்? விரும்பித் தேடிச் செல்லும் ஆபத்து மட்டுமே சாகசம், பிழைப்புக்காக அன்றாடம் எதிர்கொள்ளும் ஆபத்தை அப்படி அழைப்பது அவர்களின் உழைப்பை வேடிக்கைப் பொருளாக்குவது என்று ஒரு தரப்பு வாதிடும். துணிவு எங்கே இருந்தாலும் துணிவுதான், வாரக்கடைசி மலையேறிக்குக் கிடைக்கும் கைதட்டல் பனையேறிக்கு ஏன் இல்லை என்று மறுதரப்பு கேட்கும். என் சாய்வு இரண்டாவது பக்கம். ஆயினும், ஏறுபவரின் முகத்தையும் திறனையும் காட்டும் படத்துக்கும், கீழே நின்று பரிதாபத்தைச் சுரண்டும் படத்துக்கும் உள்ள வேறுபாட்டை நடுவர்கள் பார்த்தாக வேண்டும். குழு எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் அதைப் போட்டி அறிவிப்பிலேயே ஒரு வரியில் எழுதிவிட வேண்டும்.

விளக்கக் குறிப்பை நடுவர்களுக்குக் காட்டலாமா என்ற கேள்வியும் இதோடு தொடர்புடையது. முதலிலேயே காட்டினால், “பதினெட்டு மணி நேரம் நடந்து, உணவின்றி எடுத்தது” என்ற வாக்கியம் படத்துக்கு முன்பே மனத்தை வென்றுவிடும். கடைசி வரை மறைத்தால், டென்சிங்கின் படம் போன்ற ஒன்று அடையாளம் இல்லாமல் விழுந்துவிடும். எனவே முதல் சுற்றுகளில் குறிப்பின்றியும், கடைசிப் பத்து அல்லது பதினைந்து படங்களுக்கு மட்டும் ஐம்பது சொற்களுக்கு மிகாத குறிப்புடனும் பார்ப்பது நடுநிலையானது. எடுத்தவர் பெயர் மட்டும் இறுதி வரை மறைந்தே இருக்க வேண்டும்.

உண்மைத்தன்மை பற்றிய சோதனையை முடிவு அறிவித்த பிறகு செய்வது பெரிய போட்டிகளையே சங்கடத்தில் தள்ளியிருக்கிறது. லண்டன் அருங்காட்சியகத்தின் 2009-ஆம் ஆண்டு முதன்மை விருது, மரக்கதவைத் தாவும் ஓநாயை எடுத்த ஹோசே லூயிஸ் ரோட்ரிகஸுக்கு அளிக்கப்பட்டது. அது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நடுவர்கள் கருதியதால் 2010 ஜனவரியில் விருது பறிக்கப்பட்டது. அவர் அதை மறுத்தார். 2023-இல் சோனி உலகப் புகைப்பட விருதுகளின் ஒரு பிரிவில் வென்ற போரிஸ் எல்டாக்சன், தன் படம் செயற்கை நுண்ணறிவால் உருவானது என்று சொல்லிப் பரிசை ஏற்க மறுத்தார். இல்லாததை இருந்ததாகப் படத்தில் காட்டும் ஆசை புதிதும் அன்று. துருவப் பயணி ஷாக்கிள்டனின் அண்டார்டிகப் பயணத்தில் உடன்சென்ற புகைப்படக்காரர் ஃபிராங்க் ஹர்லி, பனியில் நொறுங்கிக்கொண்டிருந்த கப்பலிலிருந்து தன் படங்கள் பதிந்த கண்ணாடித் தகடுகளை மீட்டு, எல்லாவற்றையும் சுமக்க முடியாது என்பதால் சுமார் நானூறு தகடுகளை உடைத்துவிட்டு நூற்றுச் சொச்சத்தை மட்டும் காத்தவர். அவரே, 1916 ஏப்ரலில் எலிஃபண்ட் தீவிலிருந்து உதவி தேடிப் படகு புறப்பட்ட காட்சியை மாற்றியமைத்து, ஆகஸ்டில் நடந்த மீட்பின் படமாகப் பின்னர் வெளியிட்டார். அவருடைய துணிவை யாரும் ஐயுற முடியாது, படத்தை ஐயுறலாம். இரண்டும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

ஆர்வலர் போட்டியில் எல்லோரிடமும் ரா கோப்பு, அதாவது கேமரா பதப்படுத்தாமல் பதியும் கோப்பு, கேட்டால், கைப்பேசியில் எடுப்பவர்கள் பெரும்பாலோர் வெளியேறிவிடுவார்கள். இறுதிப் பட்டியலில் உள்ளவர்களிடம் மட்டும், கேமராவிலோ கைப்பேசியிலோ பதிவான மூலக் கோப்பையும், அதற்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு மூன்று படங்களையும் கேட்பது போதுமானது. ஒரே ஒரு படத்தைப் பொய்யாக உருவாக்குவது எளிது. அதே இடத்தில் அதே ஒளியில் தவறிப்போன நான்கு படங்களை உருவாக்கிக் காட்டுவது கடினம்.

நடுவர் முறையோடு சேர்த்தே முடிவெடுக்க வேண்டிய இன்னொன்று, ஆபத்துக்குப் பரிசு தருவதில்லை என்ற விதி. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றம் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகு, தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு ஒழுங்குமுறை விதிகள் வந்தன. 2024-இல் அரசே நாற்பது பாதைகளை அறிவித்து முன்பதிவு முறையையும் தொடங்கியது. காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைந்தோ, தண்டவாளத்தில் நின்றோ, அருவித் தடுப்பைத் தாண்டியோ எடுத்த படத்துக்குக் கேடயம் கொடுத்தால், அடுத்த ஆண்டு அதே இடத்தில் நூறு பேர் நிற்பார்கள். கயிறும் தலைக்கவசமும் படத்தில் தெரிந்தால் சாகசம் குறைந்துவிட்டது என்று கருதும் நடுவரை, எவ்வளவு பெயர் பெற்றவராயினும், இந்தத் தலைப்புக்கு அழைக்காமல் இருப்பதே நல்லது.

இவற்றையெல்லாம் சீர்தூக்கினால், இருநூறு முதல் ஐந்நூறு படங்கள் வரும் ஒரு போட்டிக்கு நான் கலப்பு முறையையே தேர்வேன். முதல் சுற்றில் மூன்று நடுவர்களும் வீட்டிலிருந்தே, ஆனால் கைப்பேசியில் அல்லாமல் கணினித் திரையில், ‘உள்ளே’, ‘வெளியே’ மட்டும் சொல்ல வேண்டும். இருவரின் ஒப்புதல் பெற்றவை தங்கும், ஒவ்வொருவருக்கும் ஒரு மீட்பு உரிமை உண்டு. எஞ்சும் நாற்பது படங்களை ஒரே அறையில் ஒரே திரையில் பார்த்து, பேச்சின் வழியே பன்னிரண்டாகக் குறைக்க வேண்டும். அந்தப் பன்னிரண்டுக்கும் குறிப்புகளைப் படித்து, மூலக் கோப்புகளைச் சரிபார்த்த பிறகு, ஒவ்வொரு நடுவரும் தனியே வரிசை எழுதித் தர வேண்டும். இடங்களின் கூட்டுத்தொகையே இறுதி முடிவு. மக்கள் வாக்குக்கு அதே பன்னிரண்டிலிருந்து ஒரு தனிப் பரிசு. மூன்று நடுவர்களில் ஒருவராவது மலையேற்றமோ அலைச்சறுக்கோ பழகியவராகவும், ஒருவராவது அவற்றில் எந்தத் தொடர்பும் இல்லாத புகைப்படக்காரராகவும் இருப்பது நல்லது. முதலாமவர் பொய்யான சாகசத்தைக் கண்டுபிடிப்பார். இரண்டாமவர் உண்மையான சாகசத்தின் மோசமான படத்தைக் கண்டுபிடிப்பார்.

ஆயிரத்துக்கு மேல் படங்கள் வருமானால், முதல் சுற்றுக்கு மட்டும் ஒன்று முதல் ஐந்து வரையிலான குறுகிய மதிப்பெண்ணைப் பயன்படுத்தலாம்; அளவுகோல் குறுகியதாக இருக்கும்போது ஒருவர் மற்றவரை விழுங்குவது குறையும். இரண்டே நடுவர்கள்தான் கிடைக்கிறார்கள் என்றால் வரிசைக் கூட்டல் அடிக்கடி சமநிலையில் முடியும் என்பதால், சமநிலையில் யார் தேர்வு செல்லும் என்பதைச் சீட்டுப் போட்டு முன்கூட்டியே முடிவு செய்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே நடுவர் என்றால் மதிப்பெண் தாளே வேண்டாம். அவர் தேர்ந்த மூன்று படங்களோடு, ஒவ்வொன்றையும் ஏன் தேர்ந்தார் என்று அரைப் பக்கம் எழுதித் தரச் சொல்லி, அதையும் படத்துக்கு அருகிலேயே கண்காட்சிச் சுவரில் ஒட்டிவிடலாம்.